மாமாவுக்குப் பாரையின்ர பேர் வராத நாள்

இந்தக் கதைய மாமாட்டக் கேட்டுட்டுத்தான் எழுதுறன். "எழுது, ஆனா என்ர காது நாறினது எண்டு மட்டும் எழுதிப்போடாத" எண்டவர். மாமா மன்னிக்கோணும், முழுக் கதையும் அந்த நாத்தத்துக்குள்ளதான் கிடக்கு.

மாமா மீன் விக்கிறவர். திருகோணமலை திருக்கடலூர்ல வீடு, விடியக்காலம மூண்டரைக்கு எழும்பி கரைக்குப் போய் ஏலத்தில எடுத்து, ஆறு மணிக்கு முதல் சந்தையில தட்டில அடுக்கிப் போடுவார். அவர்ட குரல் சந்தைக்கு வெளிய றோட்டில நிக்கிறவைக்கும் கேக்கும். அறக்குளா, சூரை, விளைமீன், திரளி, ஓரா, சீலா எண்டு ஒரே மூச்சில சொல்லிக்கொண்டு போவார், மூச்சு விடுற இடத்தில விலையச் சொல்லுவார். நாங்கள் சின்னனா இருக்கேக்க அதைப் பாட்டு மாதிரிப் பாடமாக்கி வச்சிருந்தம். ஏன் அவ்வளவு சத்தமாக் கத்துறார் எண்டு ஒருத்தரும் யோசிச்சதில்ல. வியாபாரி எண்டாக் கத்தத்தானே வேணும். உண்மையில மனுசனுக்கு இடது காது அரைவாசிதான் கேட்டது.

அந்த இடது காது அவருக்கு ஏழெட்டு வயசில இருந்து பிரச்சினை. காதுக்குள்ள குத்து வந்து, ரெண்டு நாள் கத்தி, பிறகு சீழ் வெடிச்சு ஓடி, நோவும் நிண்டிட்டுதாம். அதோட செவிப்பறையில ஓட்டை. பிறகு வருசத்தில நாலு தரம் அஞ்சு தரம் வடியும், நிக்கும், திரும்ப வடியும். அம்மம்மா உள்ளி போட்டுக் காய்ச்சின தேங்காயெண்ணெய் விட்டவ, பக்கத்து வீட்டு ஆச்சி தாய்ப்பால் விடச் சொன்னவ, கோழி இறகால துடைச்சவை. பெடியன் டச் பே கடற்கரைப் பக்கம் சுழியோடித் திரிஞ்ச காலத்தில கடல்தண்ணியும் நல்லாப் போயிருக்கும். வளந்த பிறகு பாமசியில சொட்டு மருந்து. அவரே கடையில போய் "வழக்கமானதைத் தாங்கோ" எண்டு கேட்டு வாங்குவார், ஏதோ வெத்திலை வாங்குற மாதிரி.

நோவு மட்டும் இருக்கேல்ல. அதுதான் எங்கள எல்லாரையும் ஏமாத்தினது. நொந்திருந்தா மனுசன் எப்பவோ டொக்டரிட்ட ஓடியிருப்பார்.

மணம் எண்டு பாத்தா, அது எப்பவும் இருந்தது. கடைசி ரெண்டு மூண்டு வருசமா வடியிறது கொஞ்சமாத்தான் வடியும், ஆனா மணம் கடுமை, செத்த எலி மாதிரி. மாமி அவர்ட தலகணி உறைய மட்டும் புறம்பா ஒரு வாளியில ஊறப்போடுவ. மஞ்சளா, கரையில கொஞ்சம் கபில நிறமா ஒரு வட்டம் பட்டிருக்கும், சண்லைற் போட்டாலும் போகாது. நான் ஒருக்காக் கேட்டன், என்ன மாமி இப்பிடி மணக்குது எண்டு. "மீன்காரன்ர வீட்டில பிச்சிப்பூவே மணக்கும்" எண்டு சிரிச்சவ. அந்த வீட்டில எல்லாம் மீன் மணம்தான், உடுப்பு, கைகால், காசு, எல்லாம். அதுக்குள்ள ஒரு காது அழுகிற மணத்தை ஆர் பிரிச்சு எடுக்கிறது.

2018 ஆனி மாசம். மாமாவுக்கு வயசு 43. தலையிடி எண்டு சொல்லத் தொடங்கினார், இடப்பக்கம், காதுக்கு மேல. வெயிலுக்குள்ள நிக்கிற மனுசன், பனடோல் ரெண்டு போட்டா அடங்கும், பிறகு வரும். அதே கிழமைதான் காது வடியிறதும் நிண்டது. தலகணி உறை சுத்தமா இருக்கு எண்டு மாமி சந்தோசப்பட்டு அம்மாவுக்கு போன் எடுத்துச் சொன்னவ, பத்திரகாளி அம்மனுக்கு ஒரு அர்ச்சனையும் செய்திட்டு வந்தவ. இப்ப நினைச்சா நெஞ்சு பதறுது. பழங்காதில சீழ் திடீரெண்டு நிண்டு, அதோட சேந்து தலையிடி கூடினா அது சுகம் வந்த அடையாளம் இல்ல, வெளிய வாற வழி அடைபட்டு உள்ளுக்கு வழி தேடுது எண்டும் இருக்கலாம் எண்டு பிறகு ஒரு டொக்டர் சொல்லித்தான் விளங்கினது.

இடையில ஒரு இடத்தில மருந்தெடுத்தவர். எங்க எண்டு சொல்லேல்ல, சொல்லியும் பிரயோசனமில்ல. பீனிசம் எண்டு குளுசை குடுத்தவை, காதுக்குள்ள எட்டிப் பாக்கேல்ல. மாமாவும் காதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லேல்ல. முப்பத்தஞ்சு வருசமாக் கூட இருக்கிற சாமானை வருத்தம் எண்டு ஆர் சொல்லுவினம்?

பிறகு அந்த வியாழக்கிழமை. நான் அண்டைக்கு கந்தோருக்குப் போற வழியில சந்தைக்குப் போனனான், அம்மாவுக்கு மீன் வாங்க. மாமா கத்தேல்ல. தட்டுக்குப் பின்னால சும்மா நிண்டார். ஒரு மனுசி ஒரு மீனைக் காட்டி "இது என்ன மீன் தம்பி, என்ன விலை?" எண்டு கேட்டவ. மாமா அதைத் தூக்கினார். நல்ல பெரிய பாரை, ரெண்டு கிலோவுக்குக் கிட்ட வரும், வாலடியில அந்த முள்ளுச் செதில் வரிசை வெயிலுக்கு மினுங்குது. கையில வச்சுக்கொண்டு பாக்கிறார். வாய் திறக்குது. "இது... இது வந்து... குழம்புக்கு நல்ல... முள்ளுக் குறைஞ்ச... அது." எண்டார். பிறகு என்னைப் பாத்தார். எனக்கு முதல் பகிடி விடுறார் எண்டுதான் தோணினது. பக்கத்துத் தட்டுக்காரர் "பாரையடா" எண்டு சிரிச்சார். "ஓ, பாரை, பாரை" எண்டு மாமா சொன்னார். அடுத்த மீனைத் தூக்கினார், அதையும் "பாரை" எண்டார். அது விளைமீன்.

தராசை "நிறுக்கிற அது" எண்டார். கத்திய "வெட்டுற". எல்லாம் என்னத்துக்கு எண்டு தெரியுது, கை சரியா எடுக்குது, பேர் மட்டும் இல்ல. வேற கதை எல்லாம் ஒழுங்காக் கதைக்கிறார், நடக்கிறார், கை கால் இழுக்கேல்ல.

வீட்டில அண்டைக்குப் பெரிய மாநாடு. பாரிசவாதம் எண்டார் பெரியப்பா. முதல் நாள் ராத்திரிக் குடிச்சிருப்பான் எண்டார் சித்தப்பா (மாமா குடிக்கிறதே இல்ல, சித்தப்பாவுக்கு எல்லாத்துக்கும் ஒரே விளக்கம்தான்). மாமி நாவூறு எண்டு செத்தல் மிளகாயும் உப்பும் சுத்திப் போட்டவ. காய்ச்சல் இருக்கோ எண்டு தொட்டுப் பாத்தம், பெரிசா இல்ல, அப்ப கிருமி இல்லத்தானே எண்டு எங்களுக்கு நாங்களே முடிவெடுத்தம். இதுவும் பிழை, மூளைக்குள்ள சீழ் கட்டினவையில பாதிப் பேருக்குக் கிட்ட காய்ச்சலே இராதாம். தலையிடி, காய்ச்சல், கை கால் அல்லது பேச்சில ஒரு கோளாறு, இந்த மூண்டும் ஒண்டா வாறது குறைவானவைக்குத்தான். விடியப்புறம் ரெண்டு தரம் சத்தி எடுத்துப்போட்டு, எழுப்ப எழுப்ப எழும்பாமப் படுத்திட்டார். அப்பதான் ஓட்டோ பிடிச்சு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனம்.

அங்க ஒரு இளம் டொக்டர், பெண் பிள்ளை. எல்லாத்தையும் கேட்டுட்டு, கண்ணுக்குள்ள லைற் அடிச்சுப் பாத்திட்டு, இடப்பக்கமாக் குனிஞ்சவ அப்பிடியே நிண்டிட்டா. மூக்கை ஒருக்கா உறிஞ்சினா. "இவருக்குக் காது எவ்வளவு காலமா வடியுது?" எண்டு கேட்டா. நாங்கள் ஒருத்தரும் காதைப் பற்றி வாயே திறக்கேல்ல. மீன் மணத்தையும் காது மணத்தையும் பிரிச்ச முதல் ஆள் அந்தப் பிள்ளைதான்.

மூளைக் காய்ச்சலோ எண்டு முதுகில ஊசி போட்டுத் தண்ணி எடுக்கிற கதையும் வந்தது, ஆனா ஸ்கான் பாக்காம அதைச் செய்யக் கூடாது எண்டு அவையே நிப்பாட்டினவை. மண்டைக்குள்ள ஏற்கனவே அமுக்கம் கூடி இருக்கேக்க கீழ தண்ணிய எடுத்தா மூளை கீழ்ப்பக்கமா இறங்கி மூச்சே நிண்டு போகலாமாம். நிறம் காட்டுற மருந்து ஏத்தி ஸ்கான் எடுத்தாங்கள். படத்தை எனக்குக் காட்டினவை. இடப்பக்கம், காதுக்கு நேர மேல, நடுவில கறுப்பா ஒரு உருண்டை, அதைச் சுத்தி மோதிரம் மாதிரி ஒரு வெள்ளை வட்டம். மூண்டரை சென்ரிமீட்டர். ஒரு தேசிக்காய் அளவு எண்டு வச்சுக்கொள்ளுங்கோ.

காதுக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம் எண்டு நான் கேட்டன், வெக்கமில்லாமச் சொல்லுறன், எனக்கு அண்டைக்கு வரைக்கும் காது எண்டா வெளிய ஒட்டி இருக்கிற ஒரு சாமான். டொக்டர் மேல்வீடு கீழ்வீடு மாதிரி எண்டு சொன்னா. செவிப்பறைக்குப் பின்னால ஒரு சின்ன அறை, அதுதான் நடுக்காது. அந்த அறைக்கு மேல ஒரு எலும்புத் தட்டு, முட்டைக் கோது மாதிரி மெல்லிசு. தட்டுக்கு மேல குடியிருக்கிறது மூளை, ஞாபகம், பேர், சொல் எல்லாம் பாக்கிற பக்கவாட்டுப் பகுதி. பின்பக்கச் சுவருக்கு அங்கால சிறுமூளையும், மூளையில இருந்து ரத்தத்தைக் கீழ கொண்டு வாற ஒரு பெரிய நாளமும். அதால காதில இருந்து ஏறுற சீழ் கூடுதலா மேல உள்ள பகுதியிலயும் அதுக்கு அடுத்ததாச் சிறுமூளையிலயும்தான் போய்க் கட்டுமாம். சிறுமூளையில கட்டினா ஆள் தள்ளாடுவார், கை குறி தவறும். மாமாவுக்கு மேல ஏறினது, அதுவும் இடது பக்கம், வலக்கை ஆக்கள் கிட்டத்தட்ட எல்லாருக்கும் பேச்சு இருக்கிற பக்கம், அதான் பாரை போனது.

எலும்பு இருக்கேக்க எப்பிடி ஏறினது எண்டால் அதுக்கும் பதில் இருந்தது. ஓட்டையால, இல்லாட்டி உள்ளுக்கு இழுபட்ட செவிப்பறை வழியால, வெளித்தோல் நடுக்காதுக்குள்ள வளரத் தொடங்குது. தோல் எண்டாச் செத்த தோல் உரியும்தானே, வெளிய எண்டாக் குளிக்கேக்க போயிடும், அங்க போக வழியில்ல, அடுக்கடுக்காச் சேந்து ஒரு வெள்ளை உருண்டையாகி, அழுகி, சுத்தி இருக்கிற எலும்பைக் கரைக்குது. முதல்ல சத்தம் கேக்கிறதுக்கான குட்டி எலும்புகளத் தின்னும், பிறகு கூரையத் தின்னும். கான்சர் இல்ல, ஆனா வேலை கான்சர் மாதிரி. பேர் கொலஸ்டியட்டோமா. இந்தப் பேரைக் கேட்ட நாளில இருந்து மாமி வீட்டில இறாலும் கணவாயும் முட்டையும் நிப்பாட்டிட்டா, கொலஸ்ட்ரோல் காதுக்கு ஏறிட்டுதாம். நாங்கள் விழுந்து விழுந்து சிரிச்சம். பிறகு நான் தேடிப் பாத்தா, 1838இல இந்தப் பேரை வச்ச யொஹானஸ் முல்லர் எண்ட ஜெர்மன்காரரும் இதைக் கொழுப்புக் கட்டி எண்டு நினைச்சுத்தான் வச்சிருக்கிறார். மாமியில பிழை சொல்ல ஏலாது.

தலை ஒப்பரேசனுக்கு கண்டிக்கு அனுப்பினவை. ராத்திரி பத்து மணிக்கு அம்புலன்ஸ் வெளிக்கிட்டது, நானும் மாமியும் உள்ளுக்க. கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் ஒரு இடத்தில றைவர் லைற்ற மங்கலாக்கிப்போட்டு நிப்பாட்டிட்டார், றோட்டில யானை. பத்து நிமிசம் இருக்கும். மாமி ஒரு கையில மாமாவையும் மற்றக் கையில கோணேசர் கோயில் திருநீற்றுப் பொட்டலத்தையும் பிடிச்சுக்கொண்டு அந்த யானையப் பாத்து "பிள்ளையாரே விலகப்பா" எண்டு கும்பிட்டது இண்டைக்கும் கண்ணுக்குள்ள நிக்குது.

கண்டியில டொக்டர்மார் சிங்களம், அருமையான ஆக்கள். ஆனா மாமாவின்ர வருத்தமே சொல் வருத்தம் எல்லோ. டொக்டர் பேனையத் தூக்கிக் காட்டி "மே மொகக்த?" (இது என்ன?) எண்டு கேட்டார். மாமா முழிக்கிறார். இப்ப அவருக்குச் சிங்களத்தில பேனைக்கு என்ன எண்டு தெரியாதோ, இல்லத் தெரிஞ்சது துலைஞ்சு போச்சோ, எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? நான் தமிழில கேக்க, "எழுதுற..." எண்டார். மணிக்கூட்டைக் காட்ட "நேரம் பாக்கிற" எண்டார். பக்கத்து வாட்டில மட்டக்களப்புப் பக்கத்து நேர்ஸ் மிஸ் ஒருத்தா இருந்தவ, அவவைக் கூப்பிட்டு ஒவ்வொரு சாமானாக் காட்டி எழுதி எடுத்தவை. பத்தில மூண்டு. ஒப்பரேசன் முடிஞ்சு ஒவ்வொரு கிழமையும் அதே பத்துச் சாமான். தமிழ் தெரிஞ்ச ஒரு ஆள் அண்டைக்குப் பக்கத்து வாட்டில இல்லாட்டி அந்தச் சோதனைக்கு ஒரு அர்த்தமும் இருந்திராது, இதை நான் ஆரிலயும் குறையாச் சொல்லேல்ல, நடந்ததைச் சொல்லுறன்.

ஒப்பரேசன் நினைச்ச அளவு பெரிசில்ல. மண்டையோட்டில சின்னனா ஒரு ஓட்டை, அதுக்குள்ளால ஊசி விட்டு உறிஞ்சி எடுத்தது. இருபது மில்லிலீற்றர் வந்ததாம். சீழைச் சோதிக்க அனுப்ப ஒரு கிருமி இல்ல, கலப்பாப் பல கிருமி, அதுக்குள்ள காத்துப் படாத இடத்தில வளருற வகையும். அந்த நாத்தம் முழுக்க அதுகளின்ர வேலைதான். சீழ் எடுத்தாலும் அதோட முடியேல்ல, ஆறு கிழமை நரம்பால மருந்து. செப்ட்றையக்ஸோன், மெற்றோனிடசோல் எண்டு அந்தப் பேருகள் எனக்கே பாடம். கைநரம்பு எல்லாம் வீங்கி கனுலா ஏத்த இடமில்லாமப் போச்சு. மெற்றோனிடசோலுக்கு வாய் இரும்புச் சுவையாப் போயிடும், தேத்தண்ணி குடிச்சாத் தகரம் நக்கின மாதிரி இருக்கு எண்டு கோவிப்பார். வலிப்பு வராம இருக்கவும் குளுசை. இடைக்கிடை ஸ்கான் எடுத்து அந்த வட்டம் சுருங்குதோ எண்டு பாத்துக்கொண்டே இருந்தவை.

வாட்டில சும்மா இருந்த நேரம் போன்ல தேடித் தேடி வாசிச்சன். ஸ்கொட்லாந்தில கிளாஸ்கோவில வில்லியம் மக்கியூவன் எண்டு ஒரு சத்திரசிகிச்சை டொக்டர். 1876இல ஒரு பெடியனுக்கு மூளையில இன்ன இடத்தில சீழ் கட்டி இருக்கு எண்டு அவன்ர அறிகுறிகள வச்சே சொல்லிப்போட்டார், ஸ்கான் இல்ல ஒண்டும் இல்ல. வெட்ட வீட்டுக்காரர் சம்மதிக்கேல்ல. பெடியன் செத்த பிறகு திறந்து பாத்தா, அவர் சொன்ன அதே இடத்தில சீழ். பிறகு 1893இல அவர் வெளியிட்ட கணக்கில, மூளைச் சீழ்கட்டிக்கு ஒப்பரேசன் செய்த 19 பேரில 18 பேர் தப்பி இருக்கினம். பென்சிலின் வாறதுக்கு எவ்வளவோ காலத்துக்கு முதல்! நான் இதை மாமிக்கு வாசிச்சுக் காட்ட, "அப்ப அந்தப் பெடியன்ர வீட்டிலயும் நாவூறு எண்டு இருந்திருப்பினம்" எண்டா. அப்பதான் முதல் முறையா அவ தன்னில கோவப்படுறா எண்டு எனக்கு விளங்கினது.

தலை ஆறி வந்த பிறகு காது ஒப்பரேசன். அது செய்யாட்டி மற்றதெல்லாம் வீண், ஊத்து இருக்கேக்க கிணத்த இறைச்சு என்ன. காதுக்குப் பின்னால வெட்டி, அந்த எலும்பைக் கடைஞ்சு, தோல் உருண்டை முழுக்க வழிச்செடுத்து, குழிய வெளிப்பக்கம் திறந்து விட்டிருக்கு. அந்தக் காதில போன கேக்கிற சக்தி திரும்ப வரேல்ல, வராது எண்டு முதலே சொன்னவை. ஆறு மாசத்துக்கு ஒருக்கா கிளினிக்கில அந்தக் குழியச் சுத்தம் செய்யோணும், ஏனெண்டா இது திரும்ப வளரக்கூடிய சாமான். குளிக்கேக்க பஞ்சில வாஸ்லின் பூசி அடைக்கோணும். கடல்ல தலை முங்கக் கூடாது. டச் பேயில வளந்த மனுசனுக்கு இது சின்னத் தண்டனை இல்ல. மோட்டசைக்கிளும் கன காலம் ஓட விடேல்ல.

இதை வாசிச்சிட்டுப் பிள்ளைக்குக் காதுநோவு எண்ட உடன ஸ்கான் எடுக்க ஓடாதீங்கோ. பிள்ளையளுக்கு வாற காதுநோவு அநேகமா நல்லாப் போயிடும், மூளை வரைக்கும் போறது அரிது. செவிப்பறை நடுவில சும்மா ஓட்டை உள்ள காதும் அநேகம் இந்த வேலை பாக்காது. நான் கேக்கிறது ஒண்டுதான், உங்கட வீட்டில ஆருக்காவது காது வருசக் கணக்கா வடியுது, நோகேல்ல, ஆனா மணக்குது, கேக்கிறதும் குறையுது எண்டா காது டொக்டரிட்ட ஒருக்காக் காட்டுங்கோ, அந்தத் தோலை முதலே எடுத்தா இவ்வளவும் நடக்காது. அப்பிடிப்பட்ட காதோட தலையிடி, சத்தி, நித்திரைத் தூக்கம், காதுக்குப் பின்னால வீக்கம், முகம் ஒரு பக்கம் கோணுறது, தலைச்சுத்து, குளிரும் காய்ச்சலும், பேச்சுத் தடக்கம், இதில ஒண்டு வந்தாலும் அண்டைக்கே ஆஸ்பத்திரி, விடியட்டும் எண்டு இருக்க வேண்டாம். போனா "காது வடியிறது" எண்டு வாய் திறந்து சொல்லுங்கோ. எல்லா டொக்டருக்கும் அந்தப் பிள்ளைக்கு இருந்த மூக்கு இராது. சும்மா காதுக்கு எண்ணெய், உள்ளி, இறகு, சேப்டிப்பின் எண்டு போறதைப் பற்றி நான் கதைச்சா சண்டை வரும், எங்கட அம்மாவே இன்னும் விட்டபாடில்ல.

மாமா இப்பவும் சந்தையில. வலது காதைச் சனத்தின்ர பக்கம் திருப்பி நிண்டு வியாபாரம். பேர் எல்லாம் வந்திட்டுது, கடைசியா வந்தது என்னவோ கீரிமீன், நாலு மாசம் எடுத்தது. பாரையத் தூக்கேக்க மட்டும் ஒரு கணம் நிப்பார், பக்கத்துத் தட்டுக்காரர் அதுக்கெண்டே பாத்துக்கொண்டு நிப்பார், பிறகு ரெண்டு பேரும் ஒண்டாக் கத்துவினம்.

மாமி இன்னும் அந்தத் தலகணி உறையப் புறம்பாத்தான் தோய்க்கிறா. போன ஞாயிறு நான் போயிருக்கேக்க வாளிக்குப் பக்கத்தில நிண்டு உறைய முகத்துக்குக் கிட்டப் பிடிச்சு, கண்ணை மூடி நல்லா மணந்து பாத்தா. "மீன்தான்" எண்டா. எண்டுட்டு வாளிக்குள்ள போட்டா.